எட்டு ஜனாதிபதிகளைக் கண்ட இயக்குநர் – ஜே. எட்கர் ஹூவர்

நமது காலாண்டிதழில் ஆசார்யர்கள், சங்கீத மேதைகள், தேசபக்தர்கள் ஆகியோரின் சரித்திரங்களைப் படித்துப் பழகிய அங்கத்தினர்களுக்கு இந்தத் தலைப்பு சற்று வியப்பைத் தரலாம். இவர் மகான் அல்ல. இவரைப் பின்பற்றுங்கள் என்று நம் குழந்தைகளுக்குச் சொல்லவும் முடியாது. ஆனாலும் ஒரே நாற்காலியில் நாற்பத்தெட்டு வருடம் உட்கார்ந்து, தம் இலாகாவுக்கு எத்தனை ஆட்கள் வேண்டும், அவர்கள் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தாமே தீர்மானித்த ஓர் அரசாங்க உத்தியோகஸ்தரின் கதை, மக்களாட்சி நாட்டில் வாழும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலும் நம் அங்கத்தினர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு சமயம் அரசாங்கக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே!

கதைக்குள் போகும் முன் ஒரு சிறு விளக்கம். அமெரிக்காவின் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதில் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவைகள். கஜானாவின் சாவி காங்கிரஸின் கையில்தான். ஜனாதிபதி எவ்வளவு பெரியவரானாலும் காங்கிரஸ் அனுமதிக்காமல் ஒரு டாலர் செலவழிக்க முடியாது என்பது அங்கே எழுதி வைத்த விதி. இந்த விதியும் ஹூவர் என்ற மனிதரும் மோதிய இடங்கள்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நூலகத்துக் குமாஸ்தா

ஜான் எட்கர் ஹூவர் 1895 ஜனவரி 1ஆம் தேதி வாஷிங்டனில் பிறந்தார். அப்பா அரசாங்க நில அளவை இலாகாவின் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அம்மா கண்டிப்பானவர். குடும்பத்தில் இவர் கடைக்குட்டி. சிறுவயதில் திக்குவாய் இருந்தது. வேகமாகப் பேசிப் பேசியே அதை வென்றார். பள்ளியில் விவாத மேடையில் பேர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1938இல் அம்மா காலமாகும் வரை, அதாவது தம் நாற்பத்து மூன்றாவது வயது வரை, அம்மாவுடன் பிறந்த வீட்டிலேயே இருந்தார்.

1913இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சாதாரண வேலையில் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு. நம் தாத்தாக்கள் பலர் அந்தக் காலத்தில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பி.எல். படித்த மாதிரிதான். அந்த நூலகத்தில் லட்சக்கணக்கான புத்தகங்களை அட்டைகளில் வகைப்படுத்தி, கேட்ட நிமிஷத்தில் எடுத்துக்கொடுக்கும் முறை இருந்தது. புத்தகங்களை அட்டையில் அடக்க முடியுமென்றால் மனிதர்களையும் அடக்கலாம் என்ற எண்ணம் இளைஞர் ஹூவரின் மனத்தில் விழுந்த இடம் அதுதான். பிற்காலத்தில் அவர் பலம், பலவீனம் இரண்டும் அந்த அட்டைகளாகவே இருந்தன.

1917 ஜூலையில் நீதி இலாகாவில் சேர்ந்தார். 1919இல், இருபத்து நான்கு வயதில், தீவிரவாதிகளைக் கண்காணிக்கும் புதிய பிரிவின் தலைவரானார். சந்தேகத்துக்குரியவர்கள் என்று பட்டவர்கள் எல்லோருக்கும் அட்டை போட்டார். 1919 நவம்பரிலும் 1920 ஜனவரியிலும் பல நகரங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்தி ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். பலருக்கு வாரண்டே இல்லை. பிடித்தவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட நேர்ந்தது. செனட் விசாரணை வந்தது. அட்டர்னி ஜெனரல் பால்மரின் பேர் கெட்டது, ஹூவரின் பேர் கெடவில்லை. கோப்பைத் தயாரித்தவர் அவர், முன்னால் நின்றவர் பால்மர். தோல்வி வந்தால் தள்ளி நிற்பது எப்படி என்பதை அவர் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

காங்கிரஸின் தடையில் பிறந்த ஸ்தாபனம்

பின்னாளில் எஃப்.பி.ஐ. என்று உலகப் புகழ் பெற்ற துப்பறியும் இலாகா பிறந்த விதமே விசித்திரமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதி இலாகாவுக்குச் சொந்தமாகத் துப்பறிபவர்கள் இல்லை. நிதி இலாகாவின் ரகசியப் பிரிவிலிருந்து ஆட்களை இரவல் வாங்குவார்கள். அப்படி இரவல் வந்தவர்கள் ஒரேகான் மாநில நில மோசடியைத் துருவியதில் ஒரு செனட்டரே 1905இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். சட்டம் இயற்றுபவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? இனி ஆட்களை இரவல் தரக்கூடாது என்று 1908இல் காங்கிரஸ் தடை போட்டது. அப்போதைய அட்டர்னி ஜெனரல் சார்லஸ் போனபார்ட், நெப்போலியனின் தம்பி வழிப் பேரன். இரவல் கிடையாதென்றால் சொந்தமாகவே வைத்துக்கொள்கிறேன் என்று 34 பேரைக் கொண்டு ஒரு சிறு படையை அந்த ஜூலை மாதமே அமைத்துவிட்டார். ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டமே நிரந்தரமான ஓர் இலாகா பிறக்கக் காரணமாயிற்று.

1920களின் ஆரம்பத்தில் இந்த இலாகா சீரழிந்து கிடந்தது. சிபாரிசில் வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். ஊழலை அம்பலப்படுத்திய செனட்டர்களையே வேவு பார்க்கும் அளவுக்குப் போயிற்று. 1924இல் அட்டர்னி ஜெனரலாக வந்த ஹார்லன் ஸ்டோன் நேர்மையானவர். பழைய இயக்குநரை அனுப்பிவிட்டு, மே 10ஆம் தேதி இருபத்தொன்பது வயது ஹூவரைத் தற்காலிகமாக நியமித்தார். அரசியல் தலையீடு இருக்கக்கூடாது, தகுதி பார்த்துத்தான் நியமனம், சட்டமீறலைத் தவிர மனிதர்களின் கருத்துகளை விசாரிக்கக் கூடாது என்பவை ஸ்டோன் வகுத்த நெறிகள். டிசம்பரில் நியமனம் நிரந்தரமாயிற்று. அதன்பின் இறக்கும் வரை அந்த நாற்காலியை அவர் விடவில்லை.

அப்போது இலாகாவில் மொத்தம் சுமார் 650 பேர். அதில் துப்பறியும் அதிகாரிகள் 441. பெரும்பாலான இயக்குநர்கள் வந்ததும் ஆட்களைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். ஹூவர் முதலில் குறைத்தார். தகுதியில்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார். சட்டமோ கணக்கியலோ படித்தவர்களைத் தேடிச் சேர்த்தார். கைரேகைப் பிரிவு 1924, ஆய்வுக்கூடம் 1932, போலீஸ் பயிற்சிக் கல்லூரி 1935 என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். 1935இல்தான் எஃப்.பி.ஐ. என்ற பெயர் வந்தது. இந்தக் கட்டம் வரை அவருடைய வேலையில் குறை சொல்வது கடினம். நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தலாம்.

ஒரு செனட்டரின் கேள்வி

1936 ஏப்ரலில் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு முன் ஹூவர் வந்தார். டெனசி மாநில செனட்டர் கென்னத் மெக்கெல்லர் அவரைக் குடைந்தார். எஃப்.பி.ஐ. செய்யும் விளம்பரம் பற்றிக் கேட்டார். பிறகு, இயக்குநர் தம் கையால் எவரையாவது கைது செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே உண்மையான பதில். கேட்ட தொகையில் 2,25,000 டாலரை வெட்ட வேண்டுமென்றும் மெக்கெல்லர் முயன்றார்.

ஹூவருக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. மே 1ஆம் தேதி, நாடே தேடிக்கொண்டிருந்த ஆல்வின் கார்ப்பிஸ் என்ற கொள்ளைக்காரனை நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருவில் பிடித்தபோது ஹூவர் நேரில் நின்றார். கைவிலங்கு கொண்டுபோக மறந்துவிட்டதால் ஓர் அதிகாரியின் கழுத்து டையை அவிழ்த்துக் கையைக் கட்டினார்கள். மற்றவர்கள் தன்னைப் பிடித்து முடித்த பிறகே ஹூவர் மறைவிலிருந்து வந்தார் என்று கார்ப்பிஸ் பிற்காலத்தில் எழுதினான். யார் சொல்வது உண்மையோ, மறுநாள் பத்திரிகைகளில் கைது செய்தவர் ஹூவர்தான். செனட்டில் ஆர்தர் வாண்டன்பர்க் என்ற செனட்டர் எழுந்து மெக்கெல்லரைக் கேலி செய்தார். வெட்டிய தொகை திரும்பி வந்தது.

இதில் நான் கவனிப்பது கைதை அல்ல. பொதுப்பணத்தைக் காக்கும் ஒரு பிரதிநிதி கேட்ட கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்கில் பதில் சொல்லாமல் பத்திரிகைத் தலைப்பில் பதில் சொன்னார் ஹூவர். மக்கள் தம் பக்கம் இருந்தால் மக்கள் பிரதிநிதி வாயைத் திறக்க மாட்டார் என்ற பாடம் அவருக்கு அன்று உறுதியாயிற்று.

கடல் கடந்த ஆட்கள்

எஃப்.பி.ஐ. உள்நாட்டு இலாகா என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஏழு வருட காலம் அது வெளிநாட்டு உளவு ஸ்தாபனமாகவும் இருந்தது. 1940 ஜூனில், ஐரோப்பா ஹிட்லரிடம் விழுந்துகொண்டிருந்த சமயம், தென்னமெரிக்காவில் ஜெர்மன் ஒற்றர்கள் பரவியிருக்கிறார்கள் என்ற கவலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு பாகப்பிரிவினை செய்தார். மேற்கு அரைக்கோளம் முழுவதும் ஹூவருக்கு, மற்ற பிரதேசங்கள் ராணுவத்துக்கும் கடற்படைக்கும். உடனே எஸ்.ஐ.எஸ். என்ற சிறப்பு உளவுப் பிரிவு தோன்றியது. காங்கிரஸில் விவாதம் கிடையாது. தனிச் சட்டம் கிடையாது. ஆரம்பச் செலவு ஜனாதிபதியின் அவசர நிதியிலிருந்து வந்தது.

தொடக்கம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சென்டரில் ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனி என்று ஒரு பெயர்ப்பலகை மாட்டி அதன் பின்னால் ரகசிய அலுவலகம் வைத்தார்கள். நிஜமான வியாபாரிகளும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஆர்டர் கேட்டு வரிசையாக வந்து கதவைத் தட்டினார்கள். தொல்லை தாங்காமல் சில மாதங்களில் கம்பெனியை மூடிவிட்டார்கள்! அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் பாஷையே சரியாக வராது. சோப்பு விற்பவர், பத்திரிகைக்காரர் என்று பல வேஷங்களில் போனார்கள்.

நாளடைவில் பழகிவிட்டார்கள். உச்சகட்டமான 1943இல் சுமார் 360 பேர் எஸ்.ஐ.எஸ். பணியில் இருந்தார்கள். ஒற்றர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 887 பேர், கண்டுபிடித்த ரகசிய வானொலி நிலையங்கள் 24 என்று எஃப்.பி.ஐ. கணக்குக் காட்டியது. சிலர் விமான விபத்துகளில் உயிரிழந்தார்கள். போர்க்காலத்தில் மொத்த எஃப்.பி.ஐ. ஊழியர் எண்ணிக்கை 13,000ஐத் தாண்டியது. 1924இன் 650 எங்கே, இது எங்கே!

வெறும் வேஷத்தில் இருந்தால் உள்ளூர்ப் போலீஸ் பிடித்துவிடும் என்பதால், அமெரிக்கத் தூதரகத்திலேயே சட்ட அதிகாரி என்ற பதவியில் ஆளை உட்கார வைக்கும் முறை வந்தது. லீகல் அட்டாஷே என்று பெயர். சுருக்கமாக லீகட் என்பார்கள். இந்தப் பதவிக்கு மூன்று பூட்டுகள் உண்டு. அந்த நாடு சம்மதிக்க வேண்டும். அங்குள்ள அமெரிக்கத் தூதரும் வெளியுறவு இலாகாவும் ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளத்துக்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டு ஆள்பலத்துக்கு வரம்பு என்று ஒன்று இருந்தால் அது இந்த மூன்று பூட்டுகளில்தான் இருக்கிறது.

போர் முடியும் தறுவாயில் உலகம் முழுவதும் தம் ஆட்களை வைக்க வேண்டும் என்று ஹூவர் திட்டம் கொடுத்தார். போர்க்கால உளவு ஸ்தாபனத்தின் தலைவர் வில்லியம் டோனவன் வேறொரு திட்டம் கொடுத்தார். இந்த டோனவன் 1920களில் நீதி இலாகாவில் ஹூவருக்கு மேலதிகாரியாக இருந்தவர். இருவருக்கும் ஆகாது. 1945 பிப்ரவரியில் டோனவனின் ரகசியத் திட்டம் பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது. அமெரிக்காவிலும் ஹிட்லரின் கெஸ்டபோ போல ஒன்று வரப்போகிறது என்று காங்கிரஸில் கூச்சல் எழுந்தது. கசியவிட்டவர் ஹூவர்தான் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். நிரூபணமாகவில்லை. டோனவனின் திட்டம் அடிபட்டது. ஆனால் ட்ரூமன் ஹூவருக்கும் உலகத்தைத் தரவில்லை. 1946இல் ஒரு மத்திய உளவுக் குழுவை அமைத்தார். 1947இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் அது சி.ஐ.ஏ. ஆயிற்று. வெளிநாடு சி.ஐ.ஏ.வுக்கு. அதற்குப் போலீஸ் அதிகாரமோ உள்நாட்டுப் பாதுகாப்பு வேலையோ கிடையாது என்று அந்தச் சட்டமே கோடு போட்டது.

தென்னமெரிக்காவை ஹூவரிடமிருந்து வாங்கிக்கொண்டபோது அந்த உளவுக் குழுவின் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஹாய்ட் வாண்டன்பர்க். 1936இல் ஹூவருக்காக செனட்டில் வாதாடினாரே, அந்த ஆர்தர் வாண்டன்பர்க்கின் சகோதரர் மகன்! ஹூவர் மனக்கசப்போடு தம் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். வந்தவர்களிடம் ஒப்படைக்காமல் பல இடங்களில் கோப்புகளை எரித்துவிட்டுக் கிளம்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். லண்டன், ஒட்டாவா, மெக்ஸிகோ சிட்டி போன்ற சில தலைநகரங்களில் லீகட்கள் மட்டும் தங்கினார்கள்.

குழுவின் முன்னால் ஹூவர்

இனி, பணம் கேட்கும் கலைக்கு வருவோம். பிரதிநிதிகள் சபையில் நீதி இலாகா, வெளியுறவு இலாகா இரண்டுக்கும் நிதி ஒதுக்கும் துணைக்குழு ஒன்றே. 1949 தொடங்கிப் பெரும்பகுதிக் காலம் அதன் தலைவராக இருந்தவர் புரூக்ளின் பகுதிப் பிரதிநிதி ஜான் ரூனி. கத்தரிக்கோல் பேர்வழி. வெளியுறவு இலாகாவின் தூதரகச் செலவுகளை, முக்கியமாக விருந்துச் செலவை, இரக்கமில்லாமல் வெட்டுவார். தூதர்கள் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள். ஆனால் ஹூவர் வந்தால் அந்தக் கத்தரிக்கோல் மேஜைக்குள் போய்விடும். எஃப்.பி.ஐ. கேட்டதை ஒருபோதும் குறைத்ததில்லை என்பதை ரூனி பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

நான் மத்திய அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன். ஒரு சுருக்கெழுத்தாளர் பணியிடம் புதிதாக உருவாக்க வேண்டுமென்றால் எத்தனை படிகள் ஏற வேண்டும் என்று அறிந்தவன். வேலைப்பளு எவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும், நிதி ஆலோசகர் கேள்வி கேட்பார், பிறகு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வேறு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகள் அப்போது எரிச்சலூட்டும். ஹூவரின் கதையைப் படித்தபோதுதான் கேள்வி கேட்கப்படாத இலாகாவுக்கு என்ன நேரும் என்பது விளங்கியது.

ஹூவர் குழு முன் வருவது ஒரு பரீட்சை மாணவன் வருவது போல. எண்கள் தலைகீழ்ப் பாடம். இத்தனை கைது, இத்தனை தண்டனை, மீட்ட திருட்டுக் கார்கள் இத்தனை, அரசாங்கத்துக்கு மிச்சம் இவ்வளவு என்று அடுக்குவார். செலவழித்த பணத்தைவிட மீட்டது அதிகம் என்று வருடா வருடம் முடிப்பார். அந்தக் கார்களில் பலவற்றை உள்ளூர்ப் போலீஸ் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. எவரும் துருவவில்லை. துருவ வேண்டிய குழுவின் புலனாய்வு ஊழியர்களாகவே எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரவல் போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1908இல் இரவலைத் தடுத்த அதே காங்கிரஸ்தான்!

கேள்வி வராததற்கு மரியாதை மட்டும் காரணம் அல்ல. பயமும் இருந்தது. தம் அறையிலேயே ஹூவர் தனிக் கோப்புகள் வைத்திருந்தார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் குடியோ தகாத உறவோ விசாரணையில் தட்டுப்பட்டால், தகவல் வந்திருக்கிறது, கவலை வேண்டாம், வெளியே போகாது என்று ஓர் அதிகாரி பணிவாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். ஹூவரிடம் நீண்டகாலம் பணிபுரிந்து பின்னர் பகைத்துக்கொண்ட வில்லியம் சல்லிவன் இந்த முறையை விவரித்திருக்கிறார். மிரட்டல் என்று சொல்ல ஒரு வார்த்தையும் இராது. ஆனால் அந்த உறுப்பினர் அடுத்த பட்ஜெட்டில் கைதூக்காமல் இருப்பாரா?

கேள்வி கேட்காத வருடங்களின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். 1956 முதல் 1971 வரை நடந்த ரகசிய நடவடிக்கைகளில் சட்டமீறல் எதுவும் செய்யாத பலரை எஃப்.பி.ஐ. வேட்டையாடியது. மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். தங்கிய ஹோட்டல் அறைகளில் ஒலிவாங்கி வைத்தார்கள். 1964இல் அவரை மனமுடையச் செய்யும் பெயரில்லாக் கடிதமும் போயிற்று. 1924இல் ஸ்டோன் வகுத்த நெறிகள் எங்கே போயின? இந்த வேலைகளுக்கான ஆட்களின் சம்பளம் முழுவதும் காங்கிரஸ் ஒதுக்கிய பணம்தான். எதற்கென்று தெரியாமலேயே ஒதுக்கினார்கள்.

அந்திக்காலம்

1965இல் ஹூவருக்கு எழுபது வயது நிறைந்து கட்டாய ஓய்வு வர வேண்டும். முந்தைய வருடமே ஜனாதிபதி ஜான்சன் அவருக்கு விலக்கு அளித்துவிட்டார். இருவரும் ஒரே தெருவில் பல வருடம் அடுத்தடுத்து வசித்தவர்கள்.

1970 நவம்பரில் கூடுதலாக 1,000 அதிகாரிகள் வேண்டும் என்று செனட் குழு முன் ஹூவர் கேட்டார். தேவையை நிரூபிக்க, போரை எதிர்க்கும் பாதிரிமார்கள் சிலர் ஜனாதிபதியின் ஆலோசகர் கிஸிஞ்சரைக் கடத்தத் திட்டமிட்டார்கள் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். அப்போது வழக்கே பதிவாகவில்லை. பின்னர் வழக்குப் போட்டார்கள். 1972இல் ஹாரிஸ்பர்க் நகரில் நடந்த விசாரணையில் சதிக் குற்றச்சாட்டில் ஜூரிகள் உடன்பாட்டுக்கு வரவில்லை, வழக்கு விழுந்தது. ஆள்பலம் கேட்பதற்காக மனிதர்களின் மானத்தைக் குழுவின் மேஜையில் வைத்தார் என்பதுதான் இதில் வருந்தத்தக்க விஷயம்.

அதே 1970இல்தான் அவருடைய பழைய ஆசையும் திரும்பத் தலைதூக்கியது. வெளிநாடுகளில் லீகட் அலுவலகங்களைப் பெருக்க ஜனாதிபதி நிக்ஸனிடம் நேரே சம்மதம் வாங்கினார். வெளியுறவு இலாகாவும் சி.ஐ.ஏ.வும் முகம் சுளித்தன. வெளிநாட்டில் நம் ஆட்கள் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு கூட்டம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. எஃப்.பி.ஐ.யின் உள்ளேயும் சல்லிவன் எதிர்த்தார். இந்த விரிவாக்கம் பணவிரயம் என்று 1971 ஜூனில் எழுதிக்கொடுத்தார். மற்ற மேலதிகாரிகள் எல்லோரும் ஹூவர் பக்கம் சேர்ந்து சல்லிவனைக் குறைகூறினார்கள். அந்த அக்டோபரில் சல்லிவன் விடுப்பு முடிந்து வந்தபோது அவர் அறையின் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. மூன்று பூட்டுகளும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் ஒரு கீழதிகாரி. அவருக்குக் கிடைத்த பதில் நான்காவது பூட்டு.

காங்கிரஸில் அதற்குள் சலசலப்பு தொடங்கியிருந்தது. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்தின் பூட்டை உடைத்துச் சிலர் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் ஆளும் தரப்புத் தலைவர் ஹேல் பாக்ஸ், உறுப்பினர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்படுவதாகச் சபையிலேயே சாடி, ஹூவர் விலக வேண்டும் என்றார். ஆதாரம் காட்ட அவரால் முடியவில்லை. ஆனால் அத்தனை வருடங்களில் அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர் வாய்திறந்ததே பெரிது.

1972 மே 2ஆம் தேதி ஹூவர் வீட்டில் காலமானார். வயது 77. இயக்குநராகி நாற்பத்தெட்டு வருடம் நிறைய எட்டு நாள் பாக்கி. கூலிட்ஜ் முதல் நிக்ஸன் வரை எட்டு ஜனாதிபதிகள் அவர்மேல் வந்து போயிருந்தார்கள். தாம் வாழ்நாளெல்லாம் பணம் கேட்டுச் சென்ற அதே காங்கிரஸ் மாளிகையின் மைய மண்டபத்தில் அவர் உடல் வைக்கப்பட்டது. அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த வாரங்களில் அவருடைய நெடுநாள் காரியதரிசி ஹெலன் காண்டி அவருடைய சொந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கிழித்து அழித்துக்கொண்டிருந்தார். அவற்றில் என்ன இருந்தது என்பது அவர்களோடு போயிற்று.

பிறகு வந்த வரம்புகள்

1975இல் செனட்டர் ஃப்ராங்க் சர்ச் தலைமையில் அமைந்த குழு எல்லா உளவு ஸ்தாபனங்களையும் தோண்டித் துருவியது. கிங்கின் மீதான நடவடிக்கைகள் முழுமையாக வெளிவந்தது அப்போதுதான். 1976இல் செனட்டிலும் 1977இல் பிரதிநிதிகள் சபையிலும் உளவு விவகாரங்களுக்கென்றே நிரந்தரக் குழுக்கள் வந்தன. ரகசியச் செலவுகளை மூடிய கதவுக்குப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவற்றுக்கு உண்டு. எஃப்.பி.ஐ. இயக்குநரின் நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று 1968இலேயே சட்டம் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் அப்பதவியில் இருக்கக்கூடாது என்று 1976இல் சட்டம் வந்தது. 2011இல் ராபர்ட் முல்லருக்கு இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டியிருந்தபோது அதற்கென்று காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்றியது. நாற்பத்தெட்டு வருடம் எங்கே, இரண்டு வருடத்துக்கு ஒரு சட்டம் எங்கே!

லீகட் விஷயமும் திரும்ப வந்தது. 1993இல் இயக்குநரான லூயி ஃப்ரீ, குற்றங்கள் எல்லை தாண்டிவிட்டன, வெளிநாடுகளில் ஆட்கள் வேண்டும் என்று கேட்டார். இருபதை ஒட்டி இருந்த அலுவலகங்கள் 2001இல் 44 ஆயின. ஹூவர் கேட்டதையேதான் அவரும் கேட்டார். வித்தியாசம், எந்தெந்த ஊரில், எதற்காக, எத்தனை பேர் என்று திட்டம் எழுதிக் காங்கிரஸ் முன் வைக்க வேண்டியிருந்தது. புதுதில்லி அலுவலகம் 2000ஆம் வருடம் திறக்கப்பட்டது. 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் எஃப்.பி.ஐ. நிபுணர்கள் நம் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே வெளிநாட்டில் ஆள் வைப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பகிரங்கமாகக் கேட்டு வாங்கிய ஆள் நாலு பேருக்கு உபயோகப்படுகிறான்.

நம் நாட்டை நினைத்துப் பார்க்கிறேன். நம் உளவு ஸ்தாபனங்களும் திறமையானவை. எத்தனையோ பேர் பேர் தெரியாமல் தேசத்துக்கு உழைத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அவற்றின் ஆள்பலத்தையும் செலவையும் மூடிய கதவுக்குள்ளாவது கேட்டறியும் பார்லிமெண்ட் குழு நமக்கு இல்லை. 2011இல் லோக்சபாவில் ஒரு தனிநபர் மசோதா இதற்காக வந்தது. சட்டமாகவில்லை. நம் உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பதே இதற்குச் சமாதானமாகச் சொல்லப்படுகிறது. 1924இல் ஹூவரும் நல்லவர்தான். ஸ்டோன் போன்ற நேர்மையாளர் பொறுக்கி எடுத்த மனிதர் அவர். லஞ்சம் சிபாரிசு ஒழித்தார், உழைத்தார், கணக்கு வைத்தார். அவரைக் கெடுத்தது, வருடத்துக்கு ஒருமுறை எதிரே உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டது. பணம் கொடுப்பவர், இது எதற்கு, இந்த ஆள் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாங்குபவர் நல்லவராயிருந்தால் அவரைக் கடைசி வரை நல்லவராக வைத்திருப்பதும் அந்தக் கேள்விதான்.